பழசுக்கும் ஒரு ரசீது வேண்டும்

காமர்ஸ் எடுத்த எல்லோருக்கும் முதல் வருடமே ஒரு பாடம் வந்துவிடும். தேய்மானம். மேசை, நாற்காலி, பீரோ என்று எதை வாங்கினாலும் வருடா வருடம் அதன் மதிப்பு குறைந்துகொண்டே வரும். வருமான வரிக் கணக்கில் மரச்சாமான்களுக்கு வருடத்துக்கு 10 சதவீதம். பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கிய ஒரு பீரோவை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் மதிப்பில் பத்துப் பத்து சதவீதமாகக் கழித்துக்கொண்டே போனால், 20 வருடத்தில் சுமார் 1,216 ரூபாய். 50 வருடத்தில் 52 ரூபாய். நூறு வருடத்தில் வெறும் 27 பைசா!

கணக்குப் புத்தகத்தில் செத்துப்போன அந்த பீரோ, சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு அபார்ட்மென்ட் ஹாலுக்குப் போனதும் உயிர் பெற்று எழுந்துவிடும். இப்போது அதன் பெயர் பழைய பீரோ கிடையாது. 'ஆன்டிக்'. விலையும் புது பீரோவை விடப் பல மடங்கு. தேய்மானம் தலைகீழாக ஓடுகிற இடம் இது.

இந்தப் புது மதிப்பு எங்கிருந்து வந்தது? யாருடைய கணக்கில் வரவாகிறது? வீட்டை அலங்கரிக்கிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை. கேட்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

கதம்ப ஹால்

முதலில் அந்த ஹாலை ஒரு சுற்று பார்த்துவிடலாம். வாசலில் ஒரு பித்தளை உருளி, அதில் தண்ணீர், தண்ணீரில் பூ. செட்டிநாட்டு வீட்டுத் தூண் ஒன்றைப் பாதியாக அறுத்து, மேலே கண்ணாடி வைத்து டீப்பாய். சுவரில் ரவி வர்மா அச்சுப் படம் ஒன்று, பக்கத்திலேயே கையால் வரைந்த பழைய சினிமா போஸ்டர். ஒரு தஞ்சாவூர் ஓவியம். ஒரு வால்வு ரேடியோ (பாடாது, சும்மா அழகுக்கு). மூலையில் மர உரல், அதில் மணி பிளான்ட். அலமாரியில் பாக்குவெட்டிகள், வெற்றிலைச் செல்லம், பல்லாங்குழி, எனாமல் டிபன் கேரியர், பழைய நாணயங்கள், யாரோ ரஷ்யாவிலிருந்து வாங்கி வந்த பொம்மை.

ஊரிலிருந்து வருகிற பெரியவர்கள் இதைப் பார்த்தால் முதலில் சொல்வது, "என்னப்பா இது, பழைய இரும்புக் கடை மாதிரி!" என்பதுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆட்டுக்கல்லை வெளியே தள்ளிவிட்டு கிரைண்டர் வாங்குவதற்கு அவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். அதே ஆட்டுக்கல்லைப் பேரன் காசு கொடுத்து மூன்றாவது மாடிக்கு லிப்டில் ஏற்றினால் சிரிப்பு வராதா?

ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாததைச் சேர்த்து வைப்பது மேல்நாட்டு நாகரிகம் என்று சிலர் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியாது. நவராத்திரி கொலுவைப் பாருங்கள். தசாவதாரம் மேல் படியில், செட்டியார் பொம்மை கீழ்ப் படியில், பக்கத்தில் காந்தி, அதற்கும் கீழே பிளாஸ்டிக் கிரிக்கெட் டீம், பார்க், குளம், ரயில். ஒன்பது நாளுக்கு ஒரு வீட்டின் ஹாலே மியூசியம். எந்தப் பொம்மை எந்த வருடம் எங்கே வாங்கியது, யார் கொடுத்தது என்று வீட்டு அம்மா ஒவ்வொன்றுக்கும் கதை சொல்வார். இதை விடப் பெரிய கதம்ப அலங்காரம் உலகத்தில் எங்கே இருக்கிறது?

செட்டிநாட்டு வீடுகளும் அப்படித்தான். பர்மாத் தேக்கில் தூண், இத்தாலிப் பளிங்கில் தரை, பெல்ஜியம் கண்ணாடி, ஐரோப்பாவிலிருந்து எனாமல் பாத்திரம், அதற்குப் பக்கத்திலேயே ஆத்தங்குடியில் கையால் செய்த பூக்கல். நகரத்தார் கடல் கடந்து சம்பாதித்ததும், பார்த்துப் பிடித்ததும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 'செட்டிநாடு, தமிழ் வணிகர்களின் ஊர்த் தொகுதிகள்' என்று 2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்த வீடுகள் இவை. கலந்து வைப்பது நமக்குப் புதிதில்லை. ஹைதராபாத்தில் 1951ல் திறந்த சாலர் ஜங் மியூசியம்கூட ஒரு குடும்பத்தின் கதம்பச் சேர்ப்புதான்.

ஆக, கலப்படத்தில் தப்பில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. காரைக்குடிக்காரர் பளிங்கை வாங்கியபோது அதை வெட்டியவருக்கும் ஏற்றியவருக்கும் காசு போனது. பேரேட்டில் எழுதியும் வைத்தார். இன்றைக்கு அதே வீட்டின் தூணை வாங்குகிறவர், அது எந்த ஊர், எந்த வீடு என்றுகூடக் கேட்பதில்லை.

தூண் எப்படித் தெருவுக்கு வந்தது?

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு என்று ஒன்று இருக்கிறது. பழைய சாமான் தேடுகிறவர்கள் வருகிற தெரு. கதவு, நிலை, தூண், ஜாடி, சாமி படம், மரப்பெட்டி, பித்தளை, எனாமல் என்று எல்லாம் கிடைக்கும். இவை ஏன் தெருவுக்கு வந்தன?

பெரிய வீடு, பங்காளிகள் ஏராளம். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும். ஓடு மாற்றக்கூடப் பத்துப் பேர் கையெழுத்து வேண்டும். ஒரு கட்டத்தில் வீட்டைப் பிரித்து விற்பதே சுலபமாகிவிடுகிறது. தேக்குக்கு ஒரு விலை, கல்லுக்கு ஒரு விலை, பாத்திரத்துக்கு எடைக்கு எடை. இது சோகம்தான், குற்றம் இல்லை. வீட்டுக்காரருக்கு விற்க உரிமை இருக்கிறது. வாங்குகிற கடைக்காரர் வாங்காவிட்டால் பித்தளை உலைக்குப் போகும், தேக்கு வேறு ஒருவரின் ஜன்னலாகும். நகரத்து ஹாலில் அது தூணாகவே நிற்பது எவ்வளவோ மேல்.

இந்த வகையில் பழசு வாங்குகிறவர் உண்மையில் நல்லது செய்கிறார். இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம்.

மலையிலிருந்து வந்தவை

ஆனால் அந்த ஹாலில் இருப்பதெல்லாம் அரண்மனை மாதிரி வீடுகளிலிருந்து வந்தவை இல்லையே. மர உரலும் மூங்கில் கூடையும் திருகைக்கல்லும் எங்கிருந்து வந்திருக்கும்?

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் புதூர்நாடு. பக்கத்தில் நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள். (கேரளாவுக்குச் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர், மலையாளி. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் வழிவழிக் கதை.) சாமை விளைகிற மண். சாமையைக் குத்த உரலும் உலக்கையும், புடைக்க முறமும், அரைக்கத் திருகையும் வேண்டும். ரேஷன் அரிசியும் மில்லும் மிக்ஸியும் வந்த பிறகு உரலுக்கு வேலை குறைந்தது. வேலை இல்லாத சாமான் திண்ணைக்குப் போகும், திண்ணையிலிருந்து கொல்லைக்குப் போகும். பிறகு ஒரு நாள் பழைய சாமான்காரர் வருவார். பழைய பித்தளை கொடுத்தால் புது எவர்சில்வர், புது பிளாஸ்டிக் குடம்.

இந்த இடத்தில் ஒரு உதாரணக் கணக்கு போடலாம். எண்கள் சும்மா ஒரு பேச்சுக்கு. மூன்று கிலோ பித்தளைப் பானை, கிலோ 400 ரூபாய் என்றால் வீட்டுக்காரருக்கு 1,200. அதே பானை நகரத்து ஹாலுக்கு வரும்போது 8,000 என்று வைப்போம். நடுவில் 6,800 ரூபாய். இதில் வண்டிக் கூலி, கடை வாடகை, பாலிஷ், விற்கும் வரை முடங்கிய முதல், கடைக்காரரின் லாபம் எல்லாம் உண்டு. அவர் சும்மா சம்பாதிக்கவில்லை. உலைக்குப் போகிற நூறு பானையில் எது ஹாலுக்குப் போகும் என்று பார்த்துப் பொறுக்குகிற கண் அவருடையது. அந்தக் கண்ணுக்கும் கூலி உண்டு.

ஆனால் எடைக்கு மேல் கிடைத்த விலை எதற்காகக் கிடைத்தது? பித்தளைக்கா? பித்தளை விலை முதலிலேயே கொடுத்தாகிவிட்டது. மிச்சம் முழுக்க அதன் வயதுக்கும் கதைக்கும் கிடைத்த விலை. அந்தக் கதை யாருடையது? எந்தக் கல்யாணத்துக்கு வந்தது, யார் வீட்டுச் சீர், எதற்குப் பயன்பட்டது என்று தெரிந்தவர் அந்த வீட்டுப் பாட்டி. அவர் கதையை இலவசமாகக் கொடுத்துவிட்டார். அதை விடக் கொடுமை, கடைக்காரர் அந்தக் கதையை வாங்கிக்கொள்ளவும் இல்லை. 'ட்ரைபல், ரொம்பப் பழசு' என்று ஒரு சீட்டு ஒட்டி முடித்துவிட்டார்.

பழைய பித்தளைப் பாத்திரங்களின் விளிம்பைக் கவனித்தால் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருக்கும். கல்யாணத்துக்குக் கொடுத்தவர் பெயர், அல்லது பெண் பெயர். சில நேரம் ஊரும் வருடமும்கூட இருக்கும். ஆன்டிக் வாங்குகிறவர்களில் சிலர் அந்தப் பெயரை அசிங்கம் என்று நினைத்துத் தேய்த்து எடுக்கச் சொல்கிறார்கள். என்ன கொடுமை சார் இது! அந்தப் பாத்திரத்தின் ரசீதே அதுதான்.

விற்க முடியாத பழசு

இதுவரை பேசியது விற்கக்கூடிய பழசு. விற்கவே முடியாத பழசும் இருக்கிறது. விவகாரம் அங்கேதான்.

ஜவ்வாது மலைக் கிராமங்களில் சில கோயில்களில் பிள்ளையாருக்கு முன்னால் வழவழப்பான சின்னச் சின்னக் கற்கள் வைத்திருப்பார்கள். கையடக்கம், ஒரு பக்கம் கூர். அவை புதிய கற்காலக் கோடரிகள். நிலம் உழும்போது கிடைத்ததை, ஏதோ விசேஷமான கல் என்று கொண்டுவந்து சாமி முன்னால் வைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் யாரோ மணிக்கணக்காக உட்கார்ந்து தேய்த்துப் பளபளப்பாக்கிய கருவி. திருப்பத்தூருக்குப் பக்கத்தில் பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோதும் இதே காலத்துக் கருவிகள் கிடைத்தன.

மலையின் தெற்கு அடிவாரத்தில் செங்கம். போரிலும் ஆநிரை மீட்பதிலும் செத்துப்போன வீரர்களுக்கு நட்ட கற்கள் நிறைந்த வட்டாரம். பல்லவர் காலத்து வட்டெழுத்து உள்ள நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்' என்று 1972ல் புத்தகமாகவே போட்டது. இந்த நடுகற்களில் பல இன்னும் வயல் வரப்பில், புளியமரத்தடியில், வேடியப்பன் கோயிலில் நிற்கின்றன. பூட்டு கிடையாது, வாட்ச்மேன் கிடையாது.

ஒரு கற்கோடரி பர்ஸ் அளவுதான். நகரத்து அலமாரியில் விளக்கு போட்டு வைத்தால் பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் அதை எடுத்துக் கொடுக்க யாருக்கு உரிமை? பூசாரிக்கா? ஊர்த் தலைவருக்கா? நிலத்தை உழுதவருக்கா?

பி.காம். வணிகச் சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 27. பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி எல்லோரும் மனப்பாடம் செய்வது. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு விற்க முடியாது. திருடனிடம் நல்ல விலை கொடுத்து, நல்ல எண்ணத்தோடு வாங்கினாலும், பொதுவாக வாங்கியவருக்குப் பொருள் சொந்தமாகாது. விதிவிலக்குகள் சில உண்டு, ஆனால் அடிப்படை இதுதான். பத்து மார்க் கேள்வி என்று நினைத்துக் கடந்துபோகிற இந்த ஒரு வரியில்தான் ஆன்டிக் உலகத்தின் பெரிய வழக்குகள் எல்லாம் நிற்கின்றன.

பத்தூர் நடராஜர் ஒரு வழக்கு. திருவாரூர் பக்கம் பத்தூரில் 1976ல் மண்ணைத் தோண்டும்போது கிடைத்த சிலை. கைமாறிக் கைமாறி லண்டன் போனது. ஒரு கனடா கம்பெனி அதைக் காசு கொடுத்து வாங்கியது. சிலையைப் பிரிட்டிஷ் போலீஸ் கைப்பற்ற, லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு. கோயில் தரப்பு வாதாடியது. 1988ல் தீர்ப்பு கோயில் பக்கம். அப்பீலிலும் அதே. 1991ல் நடராஜர் ஊர் திரும்பினார். வாங்கிய கம்பெனி நல்லெண்ணத்தோடு வாங்கியதாகச் சொன்னதெல்லாம் செல்லவில்லை.

ஸ்ரீபுரந்தான் நடராஜர் இன்னொரு வழக்கு. அரியலூர் மாவட்டத்துக் கிராமக் கோயிலிலிருந்து திருடுபோன சிலை. நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூரிடமிருந்து ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. கவனிக்க வேண்டியது இதுதான்: அங்கே ரசீது இருந்தது! சிலை 1972 சட்டத்துக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்று காட்டும் காகிதங்கள் இருந்தன. எல்லாம் போலி. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படத்தில், அதே நடராஜர் 1990களில் அதே கோயிலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கறுப்பு வெள்ளைப் படம், 50 லட்சம் டாலர் காகிதத்தை உடைத்துவிட்டது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கு வந்து சிலையைத் திருப்பிக் கொடுத்தார். 2011ல் ஜெர்மனியில் கைதாகி 2012ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கபூருக்கு, 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் ஒரு சிலைத் திருட்டு வழக்கில் 10 வருடத் தண்டனை கொடுத்தது.

ஒரு நாட்டின் தேசியக் கலைக்கூடமே ஏமாந்தது என்றால், ஞாயிற்றுக்கிழமை ஷாப்பிங் போகிறவர் எம்மாத்திரம்?

சட்டம் சொல்வது, சுருக்கமாக

ரொம்ப உள்ளே போக வேண்டாம். வீட்டை அலங்கரிக்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது நாலு விஷயம்.

ஒன்று, தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972. அமலுக்கு வந்தது 1976ல். நூறு வயதுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், நாணயம் போன்றவை தொல்பொருள். முக்கியமான சுவடிகளுக்கு 75 வயது போதும். கல், உலோகம், மரச் சிற்பங்கள், ஓவியங்கள் போன்ற சில வகைகளை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். விற்பவருக்கு லைசென்ஸ் வேண்டும். தனி ஆள் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அமெரிக்கா போகிற அண்ணன் பெட்டியில் ஆசையாக வைத்துக் கொடுக்கிற பழைய சாமி சிலைக்கும் இது பொருந்தும்.

இரண்டு, புதையல் சட்டம், 1878. மண்ணில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். (பத்து ரூபாய் இன்னும் பத்து ரூபாயாகவே இருக்கிறது. பணவீக்கம் பற்றி யாரும் அதற்குச் சொல்லவில்லை போலிருக்கிறது :-)

மூன்று, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972. தாத்தா காலத்து மான் கொம்பு, புலித்தோல் என்றாலும் உரிமைச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்க முடியாது, விற்கவே முடியாது. யானைத் தந்தமும் அப்படியே.

நான்கு, கோயிலில் இருந்தது கோயிலுக்கே சொந்தம். பூஜை நின்றுபோன கோயில் என்றாலும், கதவு விழுந்த கோயில் என்றாலும்.

திருப்பத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஊரில் அரசு சந்தனக் கிடங்கு இருக்கிறது. மலையிலிருந்து வந்த சந்தனம் அங்கே ஏலத்துக்கு வரும். ஏலத்தில் எடுத்த கட்டைக்குக் காகிதம் உண்டு. காகிதம் இல்லாத கட்டை எவ்வளவு மணந்தாலும் அதற்குப் பெயர் வேறு. அதே மலையிலிருந்து இறங்குகிற ஒரு கல்லுக்கோ சிலைக்கோ மட்டும் ஏன் யாரும் காகிதம் கேட்பதில்லை?

அப்படியானால் பழசே வாங்கக் கூடாதா?

தாராளமாக வாங்கலாம். முனீஸ்வரன் கோயில் தெருவைப் பயமுறுத்துவது இங்கே நோக்கம் இல்லை. வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: "இது யார் வீட்டுச் சாமான், அவங்களுக்கு விற்க உரிமை இருந்துச்சா?" வீட்டுச் சாமான் என்றால் ஊர், வருடம், பொருளின் பெயர் எழுதிய பில்லைக் கேட்டு வாங்கலாம். நேர்மையான கடைக்காரர் கொடுப்பார். முகத்தைச் சுளிப்பவரிடம் வாங்காமல் வந்துவிடலாம். சாமி, சமாதி, மண். இந்த மூன்றிலிருந்தும் வந்தது என்று சந்தேகம் வந்தால் தொடவே வேண்டாம்.

சாமி சிலைதான் வேண்டும் என்றால் சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றைக்கும் மெழுகில் செய்து வார்த்துக் கொடுக்கிறார்கள். தஞ்சாவூர் ஓவியம் இன்றைக்கும் வரைகிறார்கள். ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றி இன்றைக்கும் கல் செய்கிறார்கள். புதூர்நாட்டுப் பக்கம் மூங்கில் கூடை வேண்டுமானால் பின்னுகிறவரிடம் போய்க் கேட்கலாம். புதிதாக வாங்கினால் காசு செய்தவர் கைக்கே போகும். நூறு வருடம் கழித்து அதுவும் ஆன்டிக்தானே! 27 பைசா கணக்கு அதற்கும் உண்டு.

வாங்கியதைக் கெடுக்காமல் வைத்திருப்பதும் முக்கியம். தஞ்சாவூர் ஓவியத்தை வெயில் படும் சுவரிலும் ஈரம் கசியும் சுவரிலும் மாட்டக் கூடாது. பழைய மரத்தை நேரே தரையில் வைத்தால் கரையானுக்கு விருந்து. பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பது தப்பில்லை, ஆனால் மெஷின் பாலிஷ் போட்டால் வேலைப்பாடும் பெயரும் சேர்ந்தே போய்விடும். சமைக்க வேண்டுமானால் உள்ளே ஈயம் பூசாமல் சமைக்கக் கூடாது. தூணை அறுத்து டீப்பாய் ஆக்குவதற்கு முன் ஒரு முறை யோசிக்கலாம். அறுத்த தூணை யாராலும் ஒட்ட முடியாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், எழுதி வைப்பது. கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். பெரிய பணக்காரர் இல்லை. பழைய தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், நாடக விளம்பரம் என்று அடுத்தவர் எடைக்குப் போட்டதையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்தார். சேர்த்ததோடு விடவில்லை. வகை பிரித்தார், தலைப்பு வாரியாக அடுக்கினார், கேட்டவர்களுக்குத் தகவல் கொடுத்தார். 1992ல் அவர் மறைந்தபோது சுமார் ஒரு லட்சம் உருப்படிகள். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேர்ப்பைச் சிதறாமல் வாங்கியது. இன்றைக்கு அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். தமிழில் எதையாவது ஆராய்கிறவர் அந்த வாசலை மிதிக்காமல் இருப்பது அபூர்வம். ஒரே காகிதம்தான். எடைக்குப் போனால் பொட்டலம், எழுதி அடுக்கினால் நூலகம்.

அவர் அளவுக்கு யாரும் போக வேண்டாம். ஹாலில் இருக்கிற இருபது சாமானுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். என்ன பொருள், எந்த ஊர், யாரிடம் வாங்கியது, எவ்வளவு, அதைப் பற்றி அவர் சொன்னது என்ன. வவுச்சர் இல்லாத பதிவை எந்த ஆடிட்டரும் ஏற்கமாட்டார் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தது வீட்டு அலமாரிக்கும் பொருந்தும்.

மலை ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அடுத்த போகிக்கு வீட்டில் எதை வெளியே எடுத்துப் போடுகிறார்கள் என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். விற்கத்தான் வேண்டும் என்றால் விற்கலாம், பள்ளிக் கட்டணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பானையை விற்பது பாவம் இல்லை. ஆனால் எடைக்குப் போடும் முன் விளிம்பில் இருக்கிற பெயரைப் படியுங்கள், செல்போனில் ஒரு படம் எடுங்கள், பாட்டியிடம் அதன் கதையைக் கேட்டு எழுதுங்கள். கதையோடு விற்றால் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும். பிள்ளையார் முன்னால் இருக்கிற கல்லை மட்டும் யார் வந்து எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். அது ஊர்ச் சொத்து. அதையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீபுரந்தான் நடராஜரை நாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது அப்படி ஒரு படம்தான்.